"பெற்றான்" என்ற சொல் நின்றுபோகும் இடங்கள்: வேதாகம வம்சவரலாறுகளும் தேவனுடைய உடன்படிக்கையும்

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

ஓராண்டில் வேதாகமத்தை வாசித்து முடிப்பதென்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் வந்து நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பெயர்ப் பட்டியல்களுக்கும் தேவன் செய்த உடன்படிக்கைகளுக்கும் என்ன தொடர்பு, மத்தேயுவும் லூக்காவும் இயேசுவுக்கு ஏன் இருவேறு வம்ச அட்டவணைகளைத் தருகிறார்கள், "முடிவில்லாத வம்சவரலாறுகளை" விட்டு விலகும்படி பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கும்போது நாம் ஏன் இவற்றில் நேரம் செலவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழில் பிள்ளையைப் பெற்றெடுப்பவள் தாய். ஆனாலும் நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் பின்பற்றி "ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான்" என்று தகப்பனைச் சொல்லிக்கொண்டே போகிறது. அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருவதால் நமக்குச் சலிப்பு ஏற்படுகிறது. எல்லாம் தானாக நடந்துவிட்டது போலவும் தோன்றுகிறது. நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் வாசிப்பு முறை இதற்கு நேர்மாறானது. "பெற்றான்" என்ற சொல் எங்கே நின்றுபோகிறது, எங்கே அதன் வாய்பாடு மாறுகிறது என்று தேடி வாசிக்கிறேன். உடன்படிக்கையைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய எப்போதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இரத்த உறவு தன் பலத்தினாலேயே வாக்குத்தத்தத்தைச் சுமந்துகொண்டு வந்தது என்று காட்டுவதற்காக இந்த அட்டவணைகள் எழுதப்படவில்லை. இரத்த உறவு முடிந்துபோன இடங்களில் வாக்குத்தத்தம் எப்படி முடிந்துபோகாமல் இருந்தது என்பதற்கு அவை சாட்சிகளாக இருக்கின்றன.

ஆதியாகமம் முழுவதும் வம்சவரலாறு என்ற சட்டத்துக்குள்தான் அமைந்திருக்கிறது. எபிரெயத்தில் "தோலெதோத்" என்னும் அந்தச் சொல் "பெறுதல்" என்ற வினையின் வேரிலிருந்தே வருகிறது. 2:4இல் வானமும் பூமியும் உண்டான வரலாறு என்று தொடங்கி, ஆதாம், நோவா, நோவாவின் குமாரர், சேம், தேராகு, இஸ்மவேல், ஈசாக்கு, ஏசா, யாக்கோபு என்று அந்தத் தலைப்பு தொடர்ந்து வருகிறது. ஏசாவுக்கு மட்டும் இருமுறை வருகிறது. ஆபிரகாமின் கதையாக நாம் நினைக்கும் பகுதி உண்மையில் "தேராகின் வம்சவரலாறு" என்ற தலைப்பின்கீழ் நடக்கிறது. யோசேப்பின் கதை "யாக்கோபின் வம்சவரலாறு" என்று தொடங்குகிறது. ஆகவே கதை முக்கியம், பட்டியல் இடைச்செருகல் என்று நாம் நினைப்பது எழுதியவரின் எண்ணத்தைத் தலைகீழாக்குவதாகும். பட்டியலே முதுகெலும்பு, கதைகள் அதன்மேல் படர்ந்த சதை.

ஏதேனில் ஸ்திரீயின் வித்து சர்ப்பத்தின் தலையை நசுக்கும் என்று தேவன் சொன்ன சிறிது காலத்துக்குள்ளேயே அந்த வித்து அழிந்துபோனது போன்ற நிலை வந்துவிடுகிறது. ஆபேல் மடிந்தான், காயீன் துரத்தப்பட்டான். அப்போது ஏவாள் மூன்றாவது மகனுக்குச் சேத் என்று பேரிட்டு, காயீன் கொலைசெய்த ஆபேலுக்குப் பதிலாகத் தேவன் வேறொரு புத்திரனைக் கொடுத்தார் என்கிறாள். நம் மொழிபெயர்ப்பில் "புத்திரன்" என்றிருக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது "வித்து" என்ற அதே சொல். ஐந்தாம் அதிகாரத்தின் பத்துத் தலைமுறைகள் இந்தச் சேத்தின் வழியாகத்தான் ஓடுகின்றன. அந்த அதிகாரத்தில் "மரித்தான்" என்ற சொல் எட்டு முறை சாவுமணிபோல் ஒலிக்கிறது. ஏனோக்கிடம் மட்டும் அந்த மணி ஒலிக்கவில்லை, அவன் தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருந்து காணப்படாமற்போனான். மரணம் ஒவ்வொரு பெயரையும் மூடிக்கொண்டு வந்தாலும், ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் மற்றொரு பெயர் நிற்கிறது.

இந்த அதிகாரத்தின் வயதுகளைக் கூட்டி உலகத்தின் வயதைக் கண்டுபிடிக்க முயன்றவர்கள் பலர் உண்டு. யூத மரபு காத்துவந்த எபிரெய மசோரா பாடத்தின்படி ஆதாமிலிருந்து ஜலப்பிரளயம் வரை 1,656 ஆண்டுகள். சமாரியப் பாடத்தின்படி 1,307. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பின்படி 2,242, சில கைப்பிரதிகளில் 2,262. எஸ்றா 7ஆம் அதிகாரத்தில் எஸ்றாவின் முன்னோர் பட்டியலை 1 நாளாகமம் 6ஆம் அதிகாரத்தோடு ஒப்பிட்டால் நடுவில் ஆறு பெயர்கள் விடப்பட்டிருப்பதும் தெரியும். "பெற்றான்" என்பது சில இடங்களில் "முன்னோனாக இருந்தான்" என்ற பொருளையும் தருகிறது. ஆகவே இந்தப் பட்டியல்களை நாட்காட்டியாக்குவது அவை செய்ய வந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு வேறொரு வேலையைக் கொடுப்பதாகும்.

அடுத்த முறிவுதான் எல்லாவற்றிலும் ஆழமானது. பத்தாம் அதிகாரம் நோவாவின் மூன்று குமாரர் வழியாகப் பெருகிய எழுபது ஜாதிகளைப் பட்டியலிடுகிறது. பதினோராம் அதிகாரம் சேமிலிருந்து "பெற்றான், பெற்றான்" என்று பத்துத் தலைமுறைகளை எண்ணிக்கொண்டு ஆபிராமிடம் வந்து சேர்கிறது. அங்கே, 11:30இல், மொத்த ஓட்டமும் ஒரு சிறிய வாக்கியத்தில் நின்றுவிடுகிறது: சாராய்க்குப் பிள்ளையில்லை, அவள் மலடியாயிருந்தாள். அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் தேவன் "உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன்" என்கிறார். பெருகிக்கொண்டிருந்த எழுபது ஜாதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆசீர்வதித்திருக்கலாம். ஆனால் சங்கிலி அறுந்துபோன வீட்டைத் தேடிப்போய் அங்கே உடன்படிக்கையைத் தொடங்குகிறார். அதோடு, பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்று சொல்லும்போது "வம்சங்கள்" என்பதற்கு எபிரெயத்தில் இருப்பது பத்தாம் அதிகாரம் அந்த எழுபது ஜாதிகளின் குடும்பங்களைக் குறிக்கத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் அதே சொல். பட்டியலை வாசிக்காமல் தாண்டிப்போனவருக்கு இது தெரியவே தெரியாது. ஆபிரகாமின் அழைப்பு மற்ற ஜாதிகளைக் கைவிட்டதன் அடையாளமன்று. முன் அதிகாரத்தில் பெயர் பெயராக எழுதப்பட்டவர்களுக்காகவே அந்த அழைப்பு வந்தது.

தெரிந்துகொள்ளப்படாதவர்களின் பெயர்களும் அழிக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். இஸ்மவேலைக் குறித்து, அவன் பன்னிரண்டு பிரபுக்களைப் பெறுவான் என்று 17:20இல் தேவன் ஆபிரகாமுக்குச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு பெயர்களும் 25ஆம் அதிகாரத்தில் எண்ணித் தரப்பட்டிருக்கின்றன. ஏசாவின் சந்ததிக்கு 36ஆம் அதிகாரம் முழுவதும் ஒதுக்கப்பட்டு, இஸ்ரவேலில் ராஜாக்கள் எழும்புமுன்னே ஏதோமில் ஆண்ட ராஜாக்களின் பட்டியலும் கொடுக்கப்படுகிறது. உடன்படிக்கையின் வழி ஈசாக்கு, யாக்கோபு என்று குறுகினாலும், தேவன் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொன்ன வார்த்தையையும் காப்பாற்றினார் என்பதற்கு அந்த அதிகாரங்களே பதிவேடு.

ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்தில் சந்ததியோடு தேசமும் உண்டு. தேசம் கோத்திரங்களுக்கும் குடும்பங்களுக்கும் பங்கிடப்பட்டதால், ஒருவருடைய பெயர் அட்டவணையில் இல்லையென்றால் அவருக்குக் காணியாட்சியும் இல்லை. எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தின் வறண்ட தொகையிடுதலுக்கு அடுத்தபடியாக மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்பவர்கள், சபைக்கு முன்பாக வந்து நிற்கிறார்கள். எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததினாலே அவருடைய பெயர் அற்றுப்போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். இது வெறும் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1910ஆம் ஆண்டில் சமாரியாவில் நடந்த அகழாய்வில் கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மட்பாண்ட ஓட்டு எழுத்துகள் கிடைத்தன. திராட்சரசமும் எண்ணெயும் எந்தப் பகுதியிலிருந்து வந்தன என்று குறித்த அந்த ஓடுகளில் மனாசேயின் குடும்பப் பெயர்கள் இடப்பெயர்களாக இருக்கின்றன. அவற்றில் நோவாள், ஒக்லாள் என்ற இரண்டு பெண்களின் பெயர்களும் உண்டு. தகப்பனின் பெயர் அற்றுப்போகக் கூடாது என்று நின்ற மகள்களின் பெயர்கள் அந்த மண்ணில் நிலைத்துவிட்டன.

யூதாவின் வழியில் முறிவுகள் அடுக்கடுக்காக வருகின்றன. யூதாவின் மூத்த குமாரர் இருவர் பிள்ளையில்லாமல் மரித்தார்கள். மருமகளாகிய தாமாரின் வழியாகத்தான், யூதாவுக்கு வெட்கமான விதத்தில், பாரேஸ் பிறந்தான். நியாயாதிபதிகளின் காலத்தில் பெத்லெகேமின் எலிமெலேக்கு மோவாப் தேசத்துக்குப் போய் மாண்டான். அவன் குமாரர் இருவரும் மாண்டார்கள். மிஞ்சியது மூன்று விதவைகள். ரூத்தின் புத்தகத்தை நான்காம் அதிகாரத்தின் 17ஆம் வசனத்தோடு முடித்திருந்தால் அது நல்ல குடும்பக் கதையாக நின்றிருக்கும். அதன் கடைசி ஐந்து வசனங்களோ பாரேஸ் முதல் தாவீது வரை பத்துப் பெயர்களை எண்ணுகின்றன. போவாஸ் ஏழாம் இடத்திலும் தாவீது பத்தாம் இடத்திலும் நிற்கிறார்கள். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23:3 சொல்லியிருக்க, கர்த்தரின் செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்த மோவாபியப் பெண் ராஜவம்சத்தின் பாட்டியாகிறாள். செங்கோல் யூதாவை விட்டு நீங்காது என்ற யாக்கோபின் மரணப்படுக்கை வார்த்தை நிறைவேறிய வழி இது.

தாவீது கர்த்தருக்கு வீடு கட்ட நினைத்தபோது, கர்த்தர் உனக்கு வீடு கட்டுவார் என்ற பதில் 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில் வருகிறது. தமிழிலும் வீடு என்ற சொல் கட்டடத்தையும் குடும்பத்தையும் சேர்த்துக் குறிப்பதால் இந்தச் சொல்லின் அழகு நமக்கு உடனே விளங்குகிறது. "உன் வீடும், உன் ராஜ்யமும், என்றென்றைக்கும் உனக்கு முன்பாக ஸ்திரப்பட்டிருக்கும்" என்பதே தாவீதின் உடன்படிக்கை. அது முதல், தாவீதின் வம்ச அட்டவணை வெறும் குடும்பப் பதிவேடாக இல்லாமல், தேவனுடைய வார்த்தையின் உண்மையே அதன்மேல் தொங்கும் ஆவணமாகிறது. அகசியா கொல்லப்பட்டபின் அவன் தாய் அத்தாலியாள் ராஜவம்சத்தார் யாவரையும் சங்காரம் செய்தபோது, அந்த ஆவணத்தின் நூல் ஒரே ஒரு குழந்தையில் தொங்கியது. அகசியாவின் சகோதரி குழந்தை யோவாசை எடுத்து ஆறு ஆண்டுகள் கர்த்தருடைய ஆலயத்தில் ஒளித்துவைத்தாள். 1 நாளாகமம் 3:11இல் "யோவாஸ்" என்ற ஒற்றைப் பெயராக நாம் கடந்துபோவது அந்த ஆறு ஆண்டுகளின் பயத்தையும் ஒரு பெண்ணின் துணிவையும்தான்.

எல்லாவற்றையும்விட எகொனியாவிடம் சற்று நின்று பார்க்க வேண்டும். யோயாக்கீன் என்றும் கோனியா என்றும் அழைக்கப்படும் இந்த ராஜா மூன்று மாதம் அரசாண்டு, கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனான். எரேமியா 22ஆம் அதிகாரத்தில், கோனியா என் வலதுகையின் முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிந்துபோடுவேன் என்று கர்த்தர் சொல்கிறார். தொடர்ந்து 30ஆம் வசனத்தில், இவனைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள், இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருந்து அரசாளப்போகிறதில்லை என்கிறார். "எழுதுங்கள்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது பதிவேட்டின் மொழி. தாவீதின் அட்டவணையில் இந்தப் பெயருக்குக் கீழே கோடு போட்டு முடித்துவிடுங்கள் என்ற ஆணை அது. என்றென்றைக்கும் என்று சொன்ன உடன்படிக்கையும், ஒருவனும் இல்லை என்று சொன்ன தீர்ப்பும் ஒரே வாயிலிருந்து வந்து ஒன்றையொன்று மோதி நிற்கின்றன.

அவனுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். பாபிலோனில் ஜெர்மானிய அகழாய்வாளர் ராபர்ட் கோல்டவே நடத்திய அகழாய்வில் இஷ்தார் வாசலுக்கு அருகில் கிடைத்த களிமண் பலகைகள் 1939இல் வெளியிடப்பட்டன. அவை அரண்மனைப் பண்டகசாலையிலிருந்து அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்குகள். யூதா தேசத்து ராஜாவாகிய யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் கொடுத்த அளவு அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பலகையின் தேதி கி.மு. 592. தாவீதின் வீடு அந்நிய ராஜாவின் கணக்குப்பிள்ளை எழுதிய எண்ணெய்ச் சீட்டில் உயிரோடிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. சிறையிருப்பின் 37ஆம் ஆண்டில் அவன் தலை உயர்த்தப்பட்டு ராஜாவின் பந்தியில் போஜனம்பண்ணினான் என்று ராஜாக்களின் புத்தகம் முடிகிறது. 1 நாளாகமம் 3ஆம் அதிகாரமோ அந்த இடத்தில் கோடு போடாமல் சலாத்தியேல், செருபாபேல் என்று எழுதிக்கொண்டே போகிறது. கி.மு. 520இல் அந்தச் செருபாபேலைப் பார்த்து ஆகாய் தீர்க்கதரிசி, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்ற கர்த்தரின் வார்த்தையை அறிவிக்கிறார். பாட்டனிடம் கழற்றி எறிந்த அதே மோதிரம். ஆனாலும் செருபாபேல் யூதாவின் தலைவனாக மட்டுமே இருந்தான், அரியணை ஏறவில்லை. கிருபை திரும்பி வந்தது, தீர்ப்பும் நின்றது. இந்த இழுபறி தீராமலேயே பழைய ஏற்பாட்டின் அட்டவணை முடிகிறது.

சிறையிருப்பிலிருந்து திரும்பிய 42,360 பேரின் கணக்கு எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே சில ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாததால் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கப்பட்டார்கள். தேவசித்தத்தை அறியப் பயன்பட்ட ஊரீம் தும்மீம் உள்ள ஒரு ஆசாரியன் எழும்பும்வரைக்கும் பொறுத்திருக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நாளாகமத்தின் ஒன்பது அதிகாரங்களை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். ராஜா இல்லை, தேசம் பெர்சியருடையது, பதிவேடுகள் பல அழிந்துவிட்டன. அந்த ஜனங்களுக்கு "நாம் இன்னும் அந்த உடன்படிக்கையின் ஜனந்தானா?" என்பதே கேள்வி. நாளாகமக்காரர் வாதமோ ஆறுதல் மொழியோ எழுதவில்லை. "ஆதாம், சேத், ஏனோஸ்" என்று வினைச்சொல்லே இல்லாமல் தொடங்கி, எருசலேமில் மறுபடியும் குடியேறியவர்களின் பெயர்களில் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆதாமிலிருந்து உங்கள் தெருவரைக்கும் நூல் அறுபடவில்லை என்பதே அவர் தந்த பதில்.

இனி மத்தேயு. எபிரெய வேதத்தின் வழக்கமான அச்சு வரிசையில் நாளாகமமே கடைசிப் புத்தகம் என்பதை நினைத்தால், பட்டியலோடு தொடங்கும் நாளாகமத்துக்குப் பின் பட்டியலோடு தொடங்கும் மத்தேயு எவ்வளவு இயல்பாக வந்து சேர்கிறார் என்று விளங்கும். "ஆபிரகாமின் குமாரனாகிய தாவீதின் குமாரனான இயேசுகிறிஸ்துவின் வம்சவரலாறு" என்ற முதல் வாக்கியத்திலேயே இரண்டு உடன்படிக்கைகளின் பெயர்களும் வந்துவிடுகின்றன. வம்சவரலாறு என்பதற்கு அவர் கையாளும் கிரேக்கச் சொற்றொடர், ஆதியாகமம் 2:4, 5:1 ஆகியவற்றின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இருக்கும் சொற்றொடரேயாகும். அவர் தலைமுறைகளைப் பதினாலு பதினாலாக மூன்று பகுதிகளில் அமைக்கிறார். எபிரெய எழுத்துகளின் எண் மதிப்பில் தாவீது என்ற பெயர் 4, 6, 4 எனப் பதினாலாகிறது. பட்டியலில் தாவீது பதினாலாவது பெயர். இந்த அமைப்புக்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மூவரை அவர் விட்டுவிடுகிறார். அவர்கள் ஆகாபின் மகளாகிய அத்தாலியாளின் மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் என்பதால், ஆகாபின் வீட்டின்மேல் இருந்த தீர்ப்பை அந்த விடுபாட்டில் காண்பவர்களும் உண்டு. மூன்றாம் பகுதியில் எகொனியாவை மறுபடியும் எண்ணினால்தான் பதினாலு வரும். சிறையிருப்புக்கு முன்னும் பின்னும் எண்ணப்பட வேண்டியவன் அவன் ஒருவனே என்பதை மேலே சொன்னவற்றோடு சேர்த்துப் பார்த்தால், அது எண்ணிக்கைப் பிழையாக எனக்குத் தோன்றவில்லை.

மத்தேயுவின் பட்டியலில் "பெற்றான்" என்ற ஓட்டம் ஐந்து இடங்களில் ஒரு பெண்ணால் இடைமறிக்கப்படுகிறது: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி, மரியாள். சாராள், ரெபெக்காள் போன்ற பெயர்பெற்ற தாய்மாரை விட்டுவிட்டு, கானானிய ராகாபையும் மோவாபிய ரூத்தையும் சொல்லியிருக்கிறார். பத்சேபாளின் பெயரைச் சொல்லாமல் உரியாவின் பெயரைச் சொல்வது தாவீதின் பாவத்தை அவன் வம்ச அட்டவணையிலேயே எழுதிவைப்பதாகும். குலப்பெருமைக்காக எழுதப்பட்ட பட்டியல் இப்படி இருக்காது. "கோத்திரம்" என்ற சொல்லை நம் வேதாகமத்தில் காணும்போது நம்மவர்களில் சிலர் தங்கள் சாதிக் குலப்பெருமைக்கு அங்கே ஆதாரம் தேடுவதுண்டு; மத்தேயுவின் முதல் பக்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கடைசியில், 39 முறை ஓடிவந்த "பெற்றான்" என்ற வாய்பாடு 16ஆம் வசனத்தில் நின்றுபோகிறது. "யாக்கோபு மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான், அவளிடத்தில் கிறிஸ்து என்னப்படுகிற இயேசு பிறந்தார்." யோசேப்பு பெற்றான் என்று இல்லை. தேவதூதன் யோசேப்பைத் "தாவீதின் குமாரனாகிய யோசேப்பே" என்று அழைக்கிறான். யோசேப்பு பிள்ளைக்குப் பெயரிட்டுத் தன் குமாரனாக ஏற்கிறான். இவ்வாறு தாவீதின் சுதந்தரம் சட்டப்படி வந்து சேர்கிறது, எகொனியாவின் வித்தாக அல்ல. எரேமியாவின் தீர்ப்பும், நாத்தான் தீர்க்கதரிசி வழியாகத் தாவீதுக்கு வந்த வாக்கும் இங்கேதான் சமாதானமாகின்றன என்று சபையில் பலர் வாசித்து வந்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். சாராயின் மலட்டுத்தன்மையில் தொடங்கிய வழி மரியாளின் கன்னிமையில் முடிவடைகிறது. ஆரம்பத்திலும் முடிவிலும் மனுஷன் தன் பலத்தால் பெறவில்லை.

லூக்கா 3ஆம் அதிகாரம் கீழிருந்து மேலாக ஏறுகிறது. தாவீதிலிருந்து சாலொமோன் வழியாக வராமல் நாத்தான் என்ற மற்றொரு குமாரன் வழியாக வருகிறது. சலாத்தியேல், செருபாபேல் என்ற இரண்டு பெயர்களில் மத்தேயுவோடு சந்தித்து மறுபடியும் பிரிகிறது. யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் இதற்குத் தந்த விளக்கத்தைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார்: யாக்கோபும் ஏலியும் ஒரு தாய் வயிற்றுச் சகோதரர், ஏலி பிள்ளையில்லாமல் மரிக்க, உபாகமம் 25இன் கட்டளைப்படி யாக்கோபு அவன் விதவையை மணந்து யோசேப்பைப் பெற்றான். ஆகவே யோசேப்பு பிறப்பால் ஒருவனுக்கும் சட்டத்தால் மற்றொருவனுக்கும் மகன். லூக்கா தருவது மரியாளின் வழி என்பது பிற்காலத்தில் பரவிய கருத்து. ஆனால் லூக்கா அங்கே மரியாளின் பெயரைச் சொல்லவில்லை என்பதால் நான் அதை அழுத்திச் சொல்வதில்லை. மத்தேயு அரியணையின் வாரிசு வரிசையையும் லூக்கா பிறப்பின் வரிசையையும் தருகிறார்கள் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆனால் இருவரும் பட்டியலை எங்கே வைத்தார்கள் என்பது இதைவிட முக்கியம். லூக்கா அதைப் பிறப்போடு வைக்காமல், ஞானஸ்நானத்தில் "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் கேட்டதற்கும், "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று பிசாசு சோதித்ததற்கும் நடுவில் வைக்கிறார். ஆபிரகாமிடம் நிற்காமல் ஆதாமுக்கும் தேவனுக்கும் ஏறிப்போகிறார். தோட்டத்தில் தோற்ற குமாரனின் பெயரைச் சொல்லி முடித்ததும், வனாந்தரத்தில் ஜெயிக்கப்போகும் குமாரனைக் காட்டுகிறார். மத்தேயு ஆபிரகாமின் பெயரோடு தொடங்கி, சகல ஜாதிகளையும் சீஷராக்கும் கட்டளையோடு முடிக்கிறார். ஆதியாகமம் 12இன் வாக்கு ஒருவரிடத்தில் முதல் வசனமாகவும் கடைசி வசனமாகவும் நிற்க, ஆதியாகமம் 3இன் வாக்கு மற்றவரிடத்தில் நிறைவேறத் தொடங்குகிறது.

பவுலைப் பற்றி. தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் அவர் எழுதிய எச்சரிக்கைகளில் வம்சவரலாறுகள் தனியே வருவதில்லை. கட்டுக்கதைகள், தர்க்கங்கள், வாக்குவாதங்கள் ஆகியவற்றோடு சேர்ந்தே வருகின்றன. வேதத்தின் பெயர்களை எடுத்துக் கதை புனைந்து, அதில் தங்களை உயர்த்திக்கொண்டவர்களைத்தான் அவர் கண்டிக்கிறார். அவரோ ரோமருக்கு எழுதிய நிருபத்தை, மாம்சத்தின்படி தாவீதின் சந்ததியில் பிறந்தவர் என்ற வம்சச் செய்தியோடு தொடங்குகிறார். கலாத்தியரில் ஒரு படி மேலே போய், "நீங்கள் கிறிஸ்துவினுடையவர்களானால், ஆபிரகாமின் சந்ததியாராயும், வாக்குத்தத்தத்தின்படியே சுதந்தரராயும் இருக்கிறீர்கள்" என்று புறஜாதியாரின் பெயர்களையும் அதே பதிவேட்டில் எழுதிவிடுகிறார். எபிரெயர் 7ஆம் அதிகாரமோ, வம்சவரலாறு இல்லாத மெல்கிசேதேக்கின் முறைமையில் ஒரு ஆசாரியர் எழும்பியிருக்கிறார், அவர் ஆசாரியத்துவத்துக்கு உரிமையில்லாத யூதா கோத்திரத்தில் தோன்றியவர் என்கிறது. அட்டவணையில் பெயர் காணாமல் காத்திருக்கச் சொல்லப்பட்ட எஸ்றா காலத்துக் குடும்பங்களை அந்த இடத்தில் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நாளை 1 நாளாகமத்தைத் திறக்கும்போது ஒன்பது அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசிக்க முயல வேண்டாம். முதல் நாள் முதல் மூன்று அதிகாரங்களை வாசித்து, யூதாவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆறாம் அதிகாரத்தில் லேவிக்கு எவ்வளவு என்று பாருங்கள். ரூபன் மூத்தவனாயிருந்தும் சேஷ்டபுத்திர சுதந்தரம் ஏன் யோசேப்புக்குப் போனது என்று ஐந்தாம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களில் பாருங்கள். பெயர்களை மெதுவாக வாய்விட்டு வாசியுங்கள். ஒரு பெயருக்குப் பின் ஏதேனும் ஒரு வாக்கியம் கூடுதலாக வந்தால் அங்கே நில்லுங்கள். இரண்டாம் அதிகாரத்தின் 34ஆம் வசனத்தில் யூதா கோத்திரத்துச் சேசானுக்குக் குமாரர் இல்லை, குமாரத்திகள் மட்டுமே உண்டு என்று வரும். அவனுக்கு யர்கா என்னும் எகிப்திய வேலைக்காரன் இருந்தான். சேசான் தன் குமாரத்தியை அவனுக்கு விவாகம் செய்து கொடுத்தான். அத்தாய் முதல் எலிசாமா வரை அந்த எகிப்தியனின் வழியில் பதின்மூன்று தலைமுறைகள் யூதாவின் அட்டவணைக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. நப்தலி கோத்திரம் முழுவதற்கும் அந்தப் புத்தகத்தின் வம்ச அட்டவணையில் இருப்பது ஏழாம் அதிகாரத்தின் ஒரே ஒரு வசனம். யர்காவின் வீட்டுக்கு ஏழு வசனங்கள்.